அரசாங்க அலுவலகத்தில் தொழிற்பயிற்சி

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது புக்கிட் ரம்பாய் மாணவர்களுக்கு அங்குள்ள தொழிற்பேட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயர் குரோவில் மாநில அரசாங்கத்தின் தலைமையகமான ஸ்ரீ நெகிரி இருப்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசாங்கத்துறைக்குள் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது, படிக்கும்போதே மேற்கொள்ளும் தொழிற்பயிற்சி. பல்கலைக்கழகம் தரும் கடிதத்தோடு சுயவிவரத்தையும் இணைத்து, விரும்பிய இலாகாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதம்வரை காத்திருந்தால் இடம் கிடைப்பது கடினம்.

இரண்டாவது, பட்டம் பெற்றபின் கிடைக்கும் குறுகிய கால ஒப்பந்த வேலை. 2021 ஜனவரியில் தொடங்கிய 'மைஸ்டெப்' திட்டம் இவ்வகையானது. பொதுத்துறையிலும் அரசாங்கத் தொடர்பு நிறுவனங்களிலும் அவ்வாண்டுக்கு 50,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன.

மூன்றாவது, நிரந்தர வேலை. மலாக்காவுக்கெனத் தனிப் பொதுச் சேவை ஆணையம் இல்லை. ஆகவே, கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி மாநிலப் பணியாளர்களும் கூட்டரசு ஆணையத்தின் பொறுப்பில் வருகின்றனர். ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழித் தேர்ச்சியையும் பார்ப்பார்கள்.

நண்பர்களே, பயிற்சி முடித்தவுடன் வேலை உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. எனினும் அலுவல் மலாயில் கடிதம் எழுதுவது எப்படி, ஒரு கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எந்த உதவிக்கு எந்த இலாகாவை நாடுவது என்பவை அங்குதான் தெளிவாகும். ஒரு பாரம் நிரப்பவும் பிறரைத் தேடி நிற்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் இன்னும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வறிவு வாய்த்தால், பயன் அக்கம்பக்கத்துக்கும் சேரும்.