அலுவலகத்தில் இரண்டு தலைமுறை

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரியவில்லை" என்னும் சொல்லைக் கேளாத தமிழ்க் குடும்பம் வடக்கே ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. கரோல்பாகில் மாடிக் குடித்தனத்தில் வாழும் ஓய்வுபெற்ற பெரியவர் அதைச் சொல்கிறார். மும்பை மாதுங்காவில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் இரு நண்பர்கள் அதையே பேசிக்கொள்கிறார்கள். இளைஞர்களைக் கேட்டாலோ, "நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதையே பெரியவர்கள் வேலை என்று எண்ணுகிறார்கள்" என்று பதில் வருகிறது. இரு சாராரும் நல்லவர்கள். இரு சாராரும் உழைப்பவர்கள். பின் இந்த மனத்தாங்கல் எங்கிருந்து வருகிறது?

இதை விசாரிப்பதற்கு எனக்கு ஓர் அனுகூலம் உண்டு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன் நான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களும், கல்லூரியின் வாசனை இன்னும் மாறாதவர்களும் எனக்கு இருபுறமும் ஒரே அறையில் இருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயது 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆகவே 22 வயதில் வேலைக்கு வந்தவரும் 59 வயதுக்காரரும் அடுத்தடுத்த மேஜையில் அமர்ந்திருக்க இடமுண்டு. பல வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே கூட இத்தனை வயது வேறுபாடு இராது. இந்த நடுவிடத்தில் இருந்துகொண்டு நான் செய்த ஒரு பிழையையும், அதனால் தெளிந்த சில உண்மைகளையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் சேர்ந்தார். தமிழர், நல்ல மொழிப்பற்று உள்ளவர். காலையில் குறித்த நேரத்திற்கு வருவார். மாலையில் வேலை நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். மேலதிகாரி இன்னும் எழுந்திருக்கவில்லையே என்ற தயக்கம் அவரிடம் காணப்படாது. மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவருடைய ஆண்டறிக்கையை எழுத வேண்டிய பொறுப்பு என்னுடையது. "பணியில் ஆர்வம் போதாது" என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துப் போட்டேன். எழுதும்போது மனம் உறுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்காலமாக இருந்திருந்தால் அந்தக் குறிப்பு அலமாரியில் இரகசியமாகக் கிடந்திருக்கும். ஊழியரைப் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டுக் குறிப்புக்கு அன்று பெயரே இரகசிய அறிக்கை என்பதுதான். மிகவும் பாதகமான குறிப்பை மட்டுமே சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பது வழக்கமாக இருந்தது. 2008 மே மாதம், தேவ் தத் என்பவர் தொடுத்த வழக்கில், நல்லதோ கெட்டதோ எந்த மதிப்பீடாயினும் அதை ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசு அந்த அறிக்கையின் பெயரையும் முறையையும் மாற்றியது. இன்று அது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. முழு அறிக்கையும் ஊழியருக்குக் காட்டப்படும். அவர் 15 நாட்களுக்குள் தம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம்.

அந்த இளைஞரும் என் குறிப்பைப் படித்தார். எழுதிக் கொடுப்பதற்கு முன் என்னிடமே நேரில் வந்தார். "சார், நான் எந்த வேலையை முடிக்காமல் போனேன் என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கோ உடனே விடை சொல்ல முடியவில்லை. "நாளை சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவிட்டு, அந்த ஆண்டின் பணிப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதிவேட்டில் அவர் பெயரில் ஒரு வேலையும் நிலுவையில் இல்லை! அப்படியானால் நான் அளந்தது எதை? அவர் எழுந்து போன நேரத்தை. அந்த அளவுகோல் எனக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு வேலை கற்பித்த மூத்தவர்களிடமிருந்து. அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் விஷயம் விளங்கத் தொடங்கியது.

முதற் காரணம், கருவி. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911இல் வெளியாயிற்று. புதுடில்லி 1931இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அந்த நாட்களிலிருந்தே ஆங்கிலமும் கணக்கும் கற்ற தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் அங்கே செல்லத் தொடங்கினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் ஊரில் தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் 'லோயர்', 'ஹையர்' தேர்வுகளை முடித்துவிட்டு ரயில் ஏறியவர்கள். நாலு கார்பன் தாள்களை இடையில் வைத்து அடிக்கும் கடிதத்தில் கடைசி வரியில் ஒரு பிழை நேர்ந்தால், ஐந்து பிரதிகளிலும் அழித்துத் திருத்த வேண்டும். இல்லையேல் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். ஆகவே பிழை என்பது நேரத்தைத் தின்னும் பகை. நிதானமும், பலமுறை சரிபார்க்கும் பழக்கமும், வேலை முடியும்வரை எழுந்திராத பொறுமையும் அந்தப் பொறி கற்பித்த பாடங்கள். இன்றைய இளைஞர் கணினியில் எழுதுகிறார். பிழையைத் திருத்த ஒரு நொடி போதும். ஆகவே முதலில் விரைந்து எழுதி, பிறகு திருத்துவது அவருக்கு இயல்பு. இதில் ஒருவர் உத்தமர், மற்றவர் அசட்டை என்று சொல்ல இடமில்லை.

இரண்டாவது காரணம், அரசு தந்த வாக்குறுதி. பழைய முறையில், முழுச் சேவை புரிந்து ஓய்வுபெற்றவருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி ஓய்வூதியமாகக் கிடைத்தது. நடுவில் விலகினால் இழப்பு பெரிது. ஆகவே ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகள் இருப்பது விசுவாசம் மட்டுமன்று, விவேகமும் ஆகும். 2004 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு, படைவீரர் நீங்கலாக, புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து ஊழியர் கட்டுகிறார். அரசு முதலில் பத்தும், 2019 ஏப்ரலிலிருந்து 14உம் சேர்க்கிறது. தொகை சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது; கணக்கு எண் ஊழியருடனேயே அடுத்த வேலைக்கும் போகும். 25 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்குக் கடைசி ஓராண்டின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த திட்டம் 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. விரும்பியவர் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இடைப்பட்ட இருபதாண்டுகளில் சேர்ந்தவர், "முதுமையைப் பற்றி நானேதான் கவலைப்பட வேண்டும்" என்ற எண்ணத்துடனேயே நுழைந்தார். வேறு நல்ல வேலை கிடைத்தால் அவர் போய்விடுகிறார் என்று குறை கூறுவோர், அவர் எந்த உறுதிமொழியை நம்பி இருந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்றாவது காரணம், வீடு. எனக்கு வேலை கற்பித்த பெரியவர் சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பில் இருந்தார். இரவு எட்டு மணிக்கு எழுந்தாலும் சிறிது நேரத்தில் வீட்டில் இருப்பார். அங்கே அவர் மனைவி சமையலை முடித்து, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லி வைத்திருப்பார். அந்த அம்மையாரின் உழைப்பு எந்த ஆண்டறிக்கையிலும் ஏறியதில்லை. ஆனால் பெரியவரின் "ஆர்வ"த்திற்கு ஆதாரமாக இருந்தது அதுதான். எங்கள் இளைஞரோ காஜியாபாத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். மெட்ரோவும் ஆட்டோவுமாக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மனைவியும் வேலைக்குப் போகிறார். வீடு திரும்பியபின் அரிசி களைவது இவர் முறை. இந்தக் கணக்கை நான் கேட்டறியாமலே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வேலை நேரம் முடிந்ததும் எழுந்து போவது இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமும் அன்று. எட்டு மணி நேர வேலைக்காக நம் பாட்டனார் காலத்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். சிங்காரவேலர் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடியது 1923இல். சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மத்திய அரசு அலுவலகங்களில் வாரம் ஐந்து நாள் வேலை 1985 ஜூனில் வந்தது. ஆனால் 2023 அக்டோபரில், இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டு முன்னேற்றத்திற்காக இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று சொன்னபோது பெரும் விவாதம் மூண்டது. சொந்தமாக ஒரு நிறுவனத்தை எழுப்புபவர் தாமே விரும்பி அளிக்கும் மணிகள் ஒருவகை. சம்பளத்திற்கு வேலை செய்பவரிடம் எதிர்பார்க்கப்படும் மணிகள் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் அந்த விவாதத்தின் குழப்பம்.

அறிஞர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியல் அறிஞர் 1928இல் தலைமுறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே காலத்தில் பிறந்ததால் மட்டும் தலைமுறை உருவாவதில்லை. இளமையில் ஒரே பெரும் நிகழ்ச்சிகளைச் சேர்ந்து அனுபவிப்பதால் உருவாகிறது என்பது அவர் கருத்து. பின்வந்தோர் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தார்கள். ஒன்று வயது: இருபது வயதில் எவரும் சற்றுப் பொறுமையற்றவரே. இரண்டு காலம்: கைப்பேசி வந்ததும் எல்லா வயதினரும் மாறினோம். மூன்றாவதுதான் தலைமுறைக்கே உரிய தன்மை. முதல் இரண்டையும் கழித்துவிட்டால் மூன்றாவதற்கு எஞ்சுவது மிகக் குறைவு. அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2020இல் வெளியிட்ட ஓர் அறிக்கையும், தலைமுறைப் பெயர்களைக் கொண்டு ஊழியர்களைத் தரம் பிரித்து நிர்வகிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறியது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நம் இளமையை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்பதே இதன் சாரம்.

இனி என் கதையை முடிக்கிறேன். பதிவேட்டைப் பார்த்ததோடு நிற்காமல், அந்த இளைஞரின் மொழிபெயர்ப்புகள் சிலவற்றை மூலத்துடன் வைத்துப் படித்தேன். ஒரு சுற்றறிக்கையில், கட்டாயமாகச் "செய்ய வேண்டும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "செய்யலாம்" என்று இருந்தது. கணினி தந்த முதல் வரைவை அவர் வரிக்கு வரி ஒப்பிடவில்லை. விதிகளை மொழிபெயர்ப்பவனுக்கு இது சிறு பிழையன்று, கட்டாயம் சலுகையாகிவிடும். ஆக, அவரிடமும் ஒரு குறை இருந்தது. ஆனால் நான் எழுதிய குறை அதுவன்று. நான் பார்க்க வேண்டியதைப் பாராமல், பார்க்க வேண்டாததைப் பார்த்திருந்தேன்.

மறுநாள் இரண்டையும் அவரிடம் சொன்னேன். அவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தபோது, என் குறிப்பு நியாயமற்றது என்று நானே கருத்து எழுதினேன். குறிப்பு நீக்கப்பட்டது, மதிப்பெண்ணும் திருத்தப்பட்டது. அதன்பின் தினமும் அரை மணி நேரம், பழைய அலுவலக வழக்கப்படி, ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் பெயர்ப்பைப் பார்க்கும் ஒப்புநோக்கும் வேலையைத் தொடங்கினோம். அதை மாலையில் வைக்காமல் காலையில் வைத்துக்கொண்டோம். அவர் எனக்குக் கற்பித்ததும் உண்டு. ஒருமுறை தீர்மானித்த கலைச்சொல் மறுமுறை தானே வந்து நிற்கும்படி கணினியில் ஒரு சொற்கோவையை அமைத்துத் தந்தார். இருபதாண்டுகளாக நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த சொற்கள் இப்போது பிரிவு முழுவதற்கும் பயன்படுகின்றன.

திருக்குறளில் 'ஆள்வினையுடைமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. அயராத முயற்சியைப் போற்றுவது அது. பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி எடுத்துச் சொல்வதும் அதையே. அதே பொருட்பாலில் 'தெரிந்து வினையாடல்' என்று இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. அது வேலை வாங்குபவருக்குச் சொன்னது: ஆளின் தன்மையை ஆராய்ந்து அறிந்து, அவருக்கு ஏற்ற வேலையை ஒப்படைக்கும் கடமையைப் பற்றியது. முன்னதை இளையவர்களுக்கு ஓதும் நாம், பின்னதை நமக்கு நாமே ஓதிக்கொள்ள மறந்துவிடுகிறோம்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இது அலுவலகத்தோடு நிற்கும் விஷயமும் அன்று. மாலையில் களைத்து வீடு திரும்பும் மகனிடமோ மருமகளிடமோ, "இன்றைக்கு என்ன வேலை செய்தாய்?" என்று உண்மையான ஆவலோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இளையவர்களும், "அந்த நாளில் எப்படி அப்பா செய்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்கட்டும். விடையை முழுவதும் கேட்டபிறகு மதிப்பெண் போடலாம். நான் கேளாமல் போட்டு, பிறகு திருத்தியவன்.