அலறும் கைப்பேசி, ஓடும் கார்

2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பிரிட்டன் முழுக்கக் கோடிக்கணக்கான கைப்பேசிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அலறின. சைலன்ட்டில் போட்டிருந்தவையும் தப்பவில்லை. சைரன் போன்ற ஓசை, கூடவே அதிர்வு, பத்து விநாடி வரைக்கும். திரையை அடைத்துக்கொண்டு ஒரு செய்தி. அது வெறும் சோதனைதான். ஆனால் அரசு முன்கூட்டியே விடுத்த அறிவிப்புகளில் வண்டி ஓட்டுபவர்களுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை இருந்தது: ஒலி கேட்டால் போனை எடுக்காதீர்கள்.

அந்த எச்சரிக்கை எதற்கு என்று புரிய, இந்தச் செய்தி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்தி தபால்காரரைப் போல. ஒவ்வொரு எண்ணாகத் தேடிப்போய்க் கொடுக்கும். லட்சம் பேருக்கு அனுப்பினால் நெரிசலில் திணறும். அவசர எச்சரிக்கைக்குப் பயன்படும் ‘செல் பிராட்காஸ்ட்’ தண்டோராவைப் போல. கைப்பேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் ஒருமுறை முழங்கினால், அங்கிருக்கும் எல்லாப் போன்களும் கேட்டுக்கொள்ளும். யார் எண் என்ன என்று கோபுரத்துக்குத் தெரியவேண்டியதே இல்லை.

தண்டோராக்காரர் தெருத்தெருவாகத் திரும்பத் திரும்பச் சொல்வது போல, கோபுரமும் அதே செய்தியை விட்டுவிட்டு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். செய்தியோடு ஒரு வரிசை எண்ணும் வரும். ஏற்கெனவே வாங்கிய எண் என்றால் போன் பேசாமல் இருந்துவிடும். புதிது என்றால் அலறும். வண்டி ஓட்டுபவருக்குச் சிக்கல் இங்கேதான். ஐந்து மணிக்கு விட்ட எச்சரிக்கை, ஆறரைக்கு அந்த எல்லைக்குள் நுழையும் காரில் ஆறரைக்குத்தான் அலறும், அதுவும் கார் முழுவேகத்தில் ஓடும்போது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர். விநாடிக்கு 31 மீட்டர். இரண்டே விநாடி திரையைப் பார்த்தால் 62 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். செய்தியும் சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த முறையில் ஒரு பக்கத்துக்கு 93 ஆங்கில எழுத்துகள், அதிகபட்சம் 15 பக்கங்கள். மொத்தம் 1,395 எழுத்துகள் வரை போகலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு படிக்கிற சமாச்சாரமா இது?

சட்டமும் விடுவதில்லை. அங்கே ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 200 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு புள்ளி. எச்சரிக்கை வந்தது என்பது அதற்குச் சாக்கு ஆகாது. அரசின் அறிவுரை இதுதான்: பாதுகாப்பாக, சட்டப்படி நிறுத்தக்கூடிய இடம் வரும்வரை ஓட்டுங்கள், கூட யாரும் இல்லையென்றால் வானொலியைப் போட்டுச் செய்திக்குக் காத்திருங்கள்.

அதற்குள் ஆபத்து வந்துவிடாதா? 2024 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை மாலை, டாரா புயலுக்காக வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் சுமார் 30 லட்சம் பேருக்கு எச்சரிக்கை போனது. சூறைக்காற்றுக்கான சிவப்பு எச்சரிக்கை அமலுக்கு வந்ததோ மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு. இடையில் பல மணி நேரம் இருந்தது. அடுத்த நிறுத்தம் வரை பத்து நிமிடம் ஓட்டுவதால் எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது.

நிலநடுக்கம் அப்படியில்லை. ஜப்பானில் எச்சரிக்கைக்கும் குலுக்கலுக்கும் நடுவே கிடைப்பது சில விநாடிகள். மையத்துக்குப் பக்கத்தில் அதுவும் கிடையாது. அங்கே அந்த ஒலியே செய்தி. கேட்டதும் நிலநடுக்கம் என்று தெரிந்துவிடும், படிக்கத் தேவையில்லை. ஓட்டுபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதும் நுட்பமானது: சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை கேட்டிருக்காமல் போகலாம். முதலில் அபாய விளக்கைப் போடுங்கள், பிறகு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். ஒருவர் போட்ட விளக்கு, கேட்காத பத்துப் பேருக்கு எச்சரிக்கையாகிவிடுகிறது.

2023-இல் இந்தியாவிலும் பல மாநிலங்களில் இதே முறையைச் சோதித்தார்கள். திடீரென்று போன் கத்தியதும் பதறிய வீடுகள் எத்தனையோ. அந்தப் பதற்றத்தை எழுப்புவதற்கென்றே செய்த ஓசை அது. தூங்குபவரை எழுப்ப அது வேண்டும். ஆனால் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடமிருந்து அதே ஓசை பிடுங்குவது, அவர் உயிரைக் காத்துக்கொண்டிருக்கும் கவனத்தை.

ஆகவே காரில் அது கத்தினால், ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லலாம். தண்டோரா கேட்ட வண்டிக்காரர் மாட்டை ஓரங்கட்டிவிட்டுத்தானே என்ன சேதி என்று விசாரிப்பார்?