மேற்செலவு யார் தலையில்? மணப்பாறை முறுக்கை முன்வைத்து

வாடகை, கரண்ட் பில், மெஷின் தேய்மானம் போன்ற, எந்த ஒரு பொருளின் பேரிலும் நேராக எழுத முடியாத செலவைக் கணக்கியல் மேற்செலவு என்கிறது. அதைப் பொருட்களுக்கிடையே பங்கிட எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கையே எடுத்துக்கொள்வோம். கைமுறுக்கும் மெஷின் முறுக்கும் போடும் ஒரு கம்பெனி. ஒரு பேச்சுக்கு, மாத மேற்செலவு 40,000 ரூபாய். கைமுறுக்குக்கு 300 மணி நேர உழைப்பு, மெஷின் முறுக்குக்கு 100. உழைப்பு நேரப்படி பிரித்தால் கைமுறுக்கின் தலையில் 30,000 விழும். 'கைவேலை கட்டுப்படியாகல' என்று பெண்களை நிறுத்திவிடலாம். ஆனால் 40,000இல் 28,000 மெஷின் தின்றது என்றால்? அதை மெஷின் பேரிலேயே எழுதி, மீதி 12,000ஐ மட்டும் மணிக்கணக்கில் பிரித்தால் கைமுறுக்கின் பங்கு வெறும் 9,000. பெண்களை அனுப்பிவிட்டாலும் மெஷினோட கரண்ட் பில் குறையப்போவதில்லை.

அமெரிக்க ஆலைகளை முன்வைத்து ஜான்சனும் கப்லானும் 1987இல் எழுதியது இதைத்தான்: எந்திரமயமான பிறகும் உழைப்பு நேரத்தால் மேற்செலவைப் பிரிப்பது அடக்கவிலையைத் திரிக்கிறது. செலவை உண்டாக்கும் செயல்பாட்டைத் தேடி அதன் வழியே பகிரும் முறை பிறகு பரவியது.

அந்த முறையும் கம்பெனி வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் அடுப்படி, கேஸ், முதுகுவலி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கூலிப் பேச்சில் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும்: எதை வைத்துப் பிரிச்சீங்க? எதையெல்லாம் எழுதாம விட்டீங்க?