நோயாளியின் இரகசியம்

மருத்துவரை நாடி வருபவர் இரண்டு பொருள்களை அவரிடம் ஒப்படைக்கிறார். ஒன்று தம் உடல். மற்றொன்று தம் இரகசியம். உடலைக் காப்பது மருத்துவரின் கடமை என்பதை யாவரும் அறிவர். இரகசியத்தைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை மருத்துவன் என்ற முறையில் இன்று விளக்க விரும்புகிறேன்.

பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே இக்கடமை இடம்பெற்றுள்ளது. 1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஜினீவாவில் அதனைப் புது வடிவில் ஏற்றது. 1968-இல், நோயாளி இறந்த பின்னரும் அவர் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது.

இதற்குக் காரணம் நாகரிகம் மட்டுமன்று. குடிப்பழக்கத்தை மறைத்த ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடுக்கமும் சித்தப்பிரமையும் தோன்றலாம். காரணம் அறியாத மருத்துவர் திகைப்பார். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி உண்மையைச் சொல்வார்.

எங்கள் தொழிலில் அடிக்கடி எழும் சோதனை ஒன்று உண்டு. திருமணப் பேச்சு நடக்கும்பொழுது, "அந்தப் பெண் தங்களிடம் எதற்காக வந்தாள்?" என்று பிள்ளை வீட்டார் நயமாக விசாரிப்பார்கள். அவளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சலாகவே இருக்கலாம். ஆயினும் நான் விடை கூறலாகாது. நோயில்லாதவரைப் பற்றி "ஒன்றுமில்லை" என்று சொல்லி, நோயுற்றவரைப் பற்றி மட்டும் வாய் மூடினால், அந்த மௌனமே கோள் சொல்லிவிடும் அல்லவா? ஆகவே எல்லோரைப் பற்றியும் ஒரே மௌனம் வேண்டும்.

இவ்விதிக்கு விலக்குகளும் உள. 2012 முதல் காசநோயை அரசுக்கு அறிவிப்பது நம் நாட்டில் கட்டாயம். எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியின் இசைவின்றி அவர் நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. எனினும் வாழ்க்கைத் துணைக்குப் பெரும் ஆபத்து இருந்து, அறிவுரை கூறியும் அவர் தாமே தெரிவிக்காவிடில், அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மருத்துவர் அத்துணைக்கு அறிவிக்கலாம். விலக்கு, அறிந்தாக வேண்டியவர் அளவில் நிற்கிறது, ஊருக்கு உரியதன்று.

பெரும்பாலும் இரகசியம் கசிவது அசட்டையினால்தான். காத்திருப்போர் நடுவே நோயின் பெயரை உரக்கச் சொல்லுதல், பதிவேட்டைத் திறந்தே வைத்தல், சோதனை முடிவைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிறருக்கு அனுப்புதல் ஆகியவை எல்லாம் கசியும் வழிகளே. கம்பவுண்டர் முதல் கணக்கர் வரை அனைவரும் இதில் பொறுப்பாளிகள்.

நேயர்களே, மருத்துவரிடம் பேசுமுன் கதவைச் சாத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சமின்றிக் கேளுங்கள், பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.