நடுக்குவாதத்தில் அழற்சியின் பங்கு

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் விவரித்த நடுக்குவாத நோயில், உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்ற நரம்பணுக்கள் நடுமூளையின் கருமையான ஒரு பகுதியில் படிப்படியாக மடிகின்றன. எஞ்சியவற்றுள் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு படிகிறது. இந்த அழிவில் அழற்சிக்கு, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்கொள்ள உடல் மேற்கொள்ளும் தற்காப்புச் செயலுக்கு, பங்குண்டா என்ற வினா வலுப்பெற்றது 1988-இல்தான். நோயால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்த கனடாவின் பாட்ரிக் மெக்கீர் குழுவினர், மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியாக்கள் அப்பகுதியில் கிளர்ந்த நிலையில் குவிந்திருப்பதைக் கண்டனர்.

மடிந்த அணுக்களை அகற்றவே அவை வந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆயினும் கலிபோர்னியாவில் 1980-களின் தொடக்கத்தில் எம்பிடிபி என்னும் நச்சுப்பொருள் கலந்த போலி ஹெராயினை ஊசிவழி ஏற்றிக்கொண்டு, இளம் வயதிலேயே நடுக்குவாத நோயாளிகளைப் போல உடல் இறுகிப்போனவர்களுள் மூவரின் மூளையை ஆராய்ந்து 1999-இல் வெளியான முடிவு சிந்திக்க வைக்கிறது. நஞ்சு உட்புகுந்து 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்த பின்னரும் மைக்ரோகிளியாக்கள் ஓயாமல் கிளர்ந்திருந்தன; ஆகவே ஒருமுறை தொடங்கிய அழற்சி, தூண்டிய பொருள் மறைந்த பிறகும், தானாகவே நீடித்து நரம்பணுக்களைத் தொடர்ந்து சிதைக்கக்கூடும் என்ற கருத்துக்கு இதைவிட அழுத்தமான மனிதச் சான்று அரிது.

நோயாளிகளின் டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் ஆல்ஃபா சைனூக்ளினின் சில துண்டுகளை அயற்பொருளாகக் கருதுவதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. சோர்வு, மனச்சோர்வு போன்ற, நடுக்கத்தைவிட வாழ்வை அதிகம் வருத்தும் அறிகுறிகளுக்கும் மூளைத் தண்டுவட நீரில் மிகும் அழற்சிக் குறியீடுகளுக்கும் தொடர்பிருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

எனினும் அழற்சியை அடக்கினால் நோய் தணியும் என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அழற்சியைத் தணிக்கும் வலிமாத்திரையான இபுப்ரோஃபென் உட்கொள்வோருக்கு இந்நோய் குறைவாக வருவதாகக் கணக்கெடுப்பு ஆய்வுகள் காட்டினாலும், அழற்சியைத் தணிக்கும் பண்புடைய பியோகிளிட்டசோன் மருந்து 2015-இல் முடிவு வெளியான சோதனையில் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. வலிமாத்திரைகளைத் தாமாகத் தொடர்ந்து உட்கொள்வது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அது கூடாது. அதேவேளை, அழற்சியைத் தூண்டும் சிறுநீர்த்தொற்றோ நுரையீரல் தொற்றோ வந்தால் நடை தளர்வதும் மனக்குழப்பம் மிகுவதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. எனவே நோயாளியின் நிலை திடீரெனச் சரிந்தால், நோயே முற்றிவிட்டதென்று கைவிடாமல், தொற்று உள்ளதா என உடனே மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.