சிறிய பல் மருந்தகம்: சோதனையில் காண வேண்டியவை எவை?

பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் கூறி வைத்தனர். பல் வலி வந்து விட்டால் பால்மரம் சீவுபவருக்கும் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் சொல் மட்டுமன்று, அன்றைய உறக்கமும் உழைப்பும் சேர்ந்தே போய் விடுகின்றன. அவ்வேளையில் நம்மில் பலர் அருகிலுள்ள பட்டணத்துக் கடைவீடு ஒன்றில் இயங்கும் சிறிய பல் மருந்தகத்தையே நாடுகின்றோம். ஒரு மருத்துவர், ஓரிரு உதவியாளர், ஒரு நாற்காலி என்ற அளவில் நடைபெறும் அம்மருந்தகம் நம்பத் தக்கதா என்பதை எவ்வாறு அறிவது? சுகாதார அமைச்சின் அதிகாரிகள் சோதனையின்போது கருத்தில் கொள்ளும் செய்திகளை நாமும் தெரிந்து கொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைத்து விடும்.

1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி தனியார் பல் மருந்தகம் ஒவ்வொன்றும் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றி மருந்தகம் நடத்தும் தனியாருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. மருந்தகத்தினுள் நுழைந்து சோதனையிடும் அதிகாரமும் அமைச்சின் அதிகாரிகளுக்கு உண்டு.

பெரிய மருத்துவமனையில் கருவிகளைத் தூய்மை செய்வதற்கெனத் தனிப் பிரிவே இருக்கும். சிறிய மருந்தகத்திலோ, பெயர் எழுதுவதும், பணம் வாங்குவதும், கருவி கழுவுவதும் பெரும்பாலும் ஒருவரே. வேலை மிகும்போது ஏதேனும் ஒன்று விட்டுப் போவது இயல்பு. அதனாலேயே செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்து, செய்தவற்றை நாள்தோறும் பதிவு செய்யும் ஒழுங்கு சிறிய இடத்திற்கு மிகவும் தேவைப்படுகின்றது.

முதலில் காண வேண்டியவை சான்றிதழ்கள். மருந்தகத்தின் பதிவுச் சான்றிதழ் எல்லோரும் பார்க்கும்படி மாட்டப்பட்டிருத்தல் வேண்டும். பல் மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருப்பதோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தொழில் நடத்தும் சான்றிதழையும் வைத்திருத்தல் வேண்டும். முன்பு 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் இதனை வலியுறுத்தியது. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல், 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. மருத்துவரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்பதை மன்றத்தின் இணையத் தளத்திலும் பார்க்கலாம்.

அடுத்து வருவது கருவிகளின் தூய்மை. உயிருக்கே தொடர்புடையது இதுவே. பல் பிடுங்கும் குறட்டில் இரத்தம் படுகின்றது. ஈரல் அழற்சி பி என்னும் நோயின் கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்க வல்லது. துணியால் துடைப்பதோ, வெந்நீரில் முக்கி எடுப்பதோ போதாது. கொதிக்கும் நீரின் வெப்பம் 100 பாகை. சில கிருமிகளின் வித்துகள் அதனையும் தாங்கி நிற்கும். எனவேதான் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பெட்டி பயன்படுகின்றது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்றே அது நீராவியை அடைத்து வைத்து வெப்பத்தைக் கூட்டுகின்றது. நீராவி 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமோ, 134 பாகையில் 3 நிமிடமோ கருவிகளின்மீது பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

கழுவாத கருவியை நீராவியில் வைத்துப் பயனில்லை; அழுக்கு கிருமிக்குக் கவசமாகி விடும். முதலில் கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, பின்னரே பெட்டியில் வைத்தல் முறை. வெப்பம் பட்டதும் உறைமீதுள்ள அடையாளம் நிறம் மாறும். உறை பெட்டிக்குள் சென்று வந்ததை அது காட்டும்; கிருமி முற்றாக அழிந்தது என்பதற்கு அது ஒன்றே சான்றாகாது. ஆகவே கிருமி வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பியையும் குறித்த காலத்தில் பெட்டியினுள் வைத்துப் பார்க்கின்றனர். வித்துகள் மடிந்தால் பெட்டி சரியாக இயங்குகிறது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, கழிவுகள். பயன்படுத்திய ஊசியும் கத்தியும் துளைக்க முடியாத பெட்டியில் போடப்பட வேண்டும்; அப்பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடப்பட வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு, வீட்டுக் குப்பையோடு சேராமல், உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் ஊசி தைத்தால் அவர் குடும்பமே துன்புறும் அன்றோ?

எக்ஸ்ரே கருவி இருப்பின், 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் அதற்கு உரிமம் தேவை. அவசர வேளைக்கு உயிர்வளியும், காலாவதியாகாத மருந்துகளும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் வேண்டும். நோயாளியின் பழைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவை ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்கும் முன்னரே அதனைச் சொல்லி விடுதல் நலம்.

இவை எவற்றுக்கும் உட்படாமல், அழகு நிலையங்களிலும் வாடகை அறைகளிலும் மலிவு விலையில் பல்லுக்குக் கம்பி மாட்டி விடுவோர் நாட்டில் உள்ளனர். பதிவின்றிப் பல் மருந்தகம் நடத்திய ஒருவருக்கு 2017ஆம் ஆண்டு மலாக்கா நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. முறையற்ற கம்பியால் பல் ஆட்டம் கண்டு விழவும், ஈறு புண்ணாகவும் கூடும். விழுந்த நிலைப் பல் மீண்டும் முளைப்பதில்லை. நம் பிள்ளைகள் இணையத்தில் இத்தகைய விளம்பரங்களைக் கண்டு மயங்காதிருக்கப் பெற்றோர் எடுத்துரைத்தல் வேண்டும்.

அதிகாரிகள் எல்லா மருந்தகங்களிலும் எந்நாளும் நிற்க இயலாது. நாற்காலியில் அமரும் நாமோ நாள்தோறும் அங்குச் செல்பவர்கள். “இந்தக் கருவி உறையிலிருந்து இப்போது எடுத்ததா, டாக்டர்?” என்று பணிவுடன் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் உறையை நம் கண்ணெதிரிலேயே பிரித்துக் காட்டுவார். கட்டணம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்பதும் நம் உரிமை. குறையிருப்பின் முதலில் மருந்தகத்திடமே தெரிவிக்கலாம். தீராவிடில் மாநிலச் சுகாதார இலாகாவுக்கு எழுதலாம். எழுதும்போது மருந்தகத்தின் பெயர், சென்ற நாள், நடந்த செய்தி ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து, பற்றுச் சீட்டின் நகலையும் இணைத்தல் வேண்டும். வெட்கத்தாலோ அச்சத்தாலோ வாய் மூடியிருந்தால், நமக்கு நேர்ந்த குறை நாளை நம் அண்டை வீட்டாருக்கும் நேரும் என்பதை நினைவில் கொள்வோமாக.