சேரிட்டி ஷாப்பின் பின்னறை

ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் ஸ்ட்ரீட்டில் 17ஆம் எண் கடை இன்றும் இருக்கிறது. போர்க்காலப் பஞ்சத்தில் தவித்த கிரேக்க மக்களுக்கு உதவ 1942இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, 1940களின் கடைசியில் அங்கே கடை போட்டது. மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பொருள்களை விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுவதுதான் ஏற்பாடு. இன்று பிரிட்டனில் ‘சேரிட்டி ஷாப்’ இல்லாத கடைத்தெருவைக் காண்பது அரிது.

வாசலில் நிற்பவருக்குக் கல்லாவும் துணி வரிசைகளும்தான் தெரியும். பாதி வேலைக்கு மேல் பின்னறையில் நடக்கிறது.

அங்கே கையுறை மாட்டிக்கொண்டு பைகளைப் பிரிக்கிறார்கள். கையில் ஒரு சட்டை வந்தால் முதலில் காலர், அடுத்து அக்குள், பிறகு கைமுனை. கால்சட்டையானால் ஜிப்பை இழுத்துப் பார்த்து, பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். பழகியவருக்கு இதெல்லாம் சில நொடி வேலை. தேறியதை ஹேங்கரில் மாட்டி, ஸ்டீமரின் ஆவியால் சுருக்கம் நீக்கி, விலைச்சீட்டைக் குத்துகிறார்கள். விற்பனைக்குத் தேறாத துணி பழந்துணி வியாபாரிக்கு எடைக்குப் போகும். குப்பையை அகற்றும் செலவோ அறப்பணிப் பணத்திலிருந்துதான் போகிறது. கடைக்குக் கொடுக்கப் பை கட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விற்றுவிடவும் முடியாது. தீத்தடுப்புச் சீட்டு இல்லாத சோபாவை விற்கச் சட்டம் அனுமதிக்காது. மின்சாதனங்களைப் பயிற்சி பெற்றவர் சோதித்த பிறகே கடையில் வைப்பார்கள்.

விலை போடுவதுதான் கடினமான கலை. மலிவு விலைக் கடையில் புதிதாகவே சில பவுண்டுக்குக் கிடைக்கும் சட்டையை, உடுத்திய பிறகு அதே விலைக்கு யார் வாங்குவார்? சில வாரங்கள் விலைபோகாமல் தொங்கினால் விலையைக் குறைப்பார்கள், அல்லது வேறு கிளைக்கு அனுப்புவார்கள்.

சில பொருள்களில் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும். பொருளைக் கொடுத்தவர் வருமான வரி செலுத்துபவர், ‘கிஃப்ட் எய்ட்’ திட்டத்துக்குச் சம்மதித்தவர் என்பதற்கு அடையாளம் அது. அந்தப் பொருள் விற்ற தொகையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அமைப்புக்குக் கிடைக்கும். அதனால் கல்லாவில் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்ய மறந்தால் நஷ்டம்.

பல கடைகளில் சம்பளம் வாங்குபவர் மேலாளர் மட்டுமே. மற்றவர்கள் தன்னார்வலர்கள்: ஓய்வுபெற்றோர், மாணவர், வேலைக்கு அனுபவம் தேடுவோர், ஆங்கிலம் பேசிப் பழக வந்த புதுக் குடியேறிகள். அவர்களுடைய அறிவுதான் கடையின் உண்மையான மூலதனம். புத்தகம் தெரிந்த ஒருவர் பெட்டியைப் பிரித்தால், பழைய நாவல்களுக்கு நடுவே கிடக்கும் முதற்பதிப்பு தப்பாது. பதிப்பு ஆண்டைப் பார்த்து அதைத் தனியே எடுத்து, இணைய விற்பனைக்கோ ஏலத்துக்கோ அனுப்பிவிடுவார்.